பெத்ரோனாவுக்கு உடம்பு சரியில்லை

"இன்னைக்கு பெத்ரோனாவுக்கு உடம்பு சரியில்ல" என்று சுனில்தா சொன்னால், பராகுவே தலைநகர் அசுன்சியோனில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்கள் ஏதோ பெரியம்மாவைச் சொல்கிறாள் என்று பாவப்படுவார்கள். பெத்ரோனா ஒரு கம்ப்யூட்டர். அதுவும் தனியாக மேஜைமேல் இருப்பதில்லை. சுனில்தாவின் கம்ப்யூட்டருக்குள்ளேயே மென்பொருளால் உண்டாக்கிய இன்னொரு கம்ப்யூட்டர். அப்படி உள்ளே குடியிருப்பவற்றை நாங்கள் விருந்தாளி என்போம். அவளிடம் அப்படி ஏழெட்டு பேர் இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தை பெயர். பெத்ரோனாதான் இருப்பதிலேயே பழசு, மந்தம். சாக்கோ காட்டுப்பக்கத்துச் சுகாதார நிலையங்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களைப் போலவே அதை அமைத்திருந்தாள்.

காலையில் நாங்கள் தயாரிக்கும் புரோகிராமின் புதுப் பதிப்பு வரும். சுனில்தா அதை ஒவ்வொரு விருந்தாளியிலும் ஏற்றி, தாறுமாறாக அழுத்தி, பாதியில் அணைத்து, என்ன உடைகிறது என்று பார்ப்பாள். உடைந்தால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். நாற்பது வயதில் இந்த வேலைக்கு வந்தவள் அவள். அதற்கு முன் இருந்த புருஷன் வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தாலே வசவுதான். "இங்க உடைக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்கடி, நம்பவே முடியல" என்று முதல் மாதம் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வருஷம் நாங்கள் செய்துகொண்டிருந்தது குழந்தைகளின் தடுப்பூசிக் கணக்கு வைக்கும் புரோகிராம். எழுதியவர் அர்சேனியோ. நல்ல மனிதர், கொஞ்சம் முன்கோபி. ஒரு திங்கட்கிழமை பெத்ரோனாவில் எந்தக் கைக்குழந்தையைப் பதிந்தாலும், 'இந்தக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை' என்று வந்தது.

"அர்சேனியோ, உங்க புரோகிராம் பிள்ளைங்களைத் திரும்ப வயித்துக்குள்ள அனுப்புது!"

"என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது?"

"அப்ப உங்க மெஷினையே தூக்கிக்கிட்டு சாக்கோவுக்குப் போங்க."

அலுவலகமே சிரித்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. மத்தியானம், தெரெரே என்ற குளிர்ந்த இலைப்பானத்துக்கான குவளையையும் ஐஸ் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரே உறிஞ்சுகுழலில் மாறி மாறிக் குடித்தபடி இருவரும் திரையைப் பார்த்தார்கள். திடீரென்று அவர் ஒரு மூலையைக் காட்டினார்.

"இதுல தேதியப் பாருங்க."

பெத்ரோனாவின் கடிகாரம் மூன்று வருஷம் பின்னால் இருந்தது. வேறொரு சோதனைக்காக நேரம் தானாகச் சரியாவதை நிறுத்திவைத்தது சுனில்தாதான். பழைய நிலைக்குத் திருப்பியபோது தேதியும் கூடவே திரும்பிவிட்டது.

அவள் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லார் முன்னாடியும் அவரைக் கேலி பண்ணிட்டேன். தப்பு என்னுது. இப்ப கத்துவாரு பாரு."

நான் அவளை அழைத்து வந்தபோது அர்சேனியோ கத்தவில்லை. குவளையில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். "உங்க முறை. ஐஸ் கரையுது."

அவள் குடித்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "கடிகாரத்தைக் கெடுத்தது நான்தான். புரோகிராம் மேல பழி இல்ல" என்றாள்.

அவர் யோசித்துக்கொண்டே சொன்னார்: "இருங்க. நிஜமாவே சாக்கோவுல கடிகாரம் கெட்டுப்போனா?"

சாக்கோவில் எங்களுக்குப் பழக்கமான நர்ஸ் செல்சாவுக்குச் சுனில்தா போன் போட்டாள். ஒலிபெருக்கியில் செல்சா சிரித்தது அறை முழுக்கக் கேட்டது.

"கடிகாரமா? ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் அது எனக்குக் கல்யாணம் ஆகாத காலத்துக்குப் போயிடும்மா. அதுல எனக்குச் சந்தோஷம்தான்!"

மறுநாள் பதிப்பில், தேதி பின்னால் போயிருந்தால் புரோகிராமே பதிவை நிறுத்தி, 'இன்று என்ன தேதி?' என்று கேட்டது. சுனில்தா பெத்ரோனாவின் கடிகாரத்தை வேண்டுமென்றே ஐம்பது விதமாகக் கெடுத்துப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் அர்சேனியோ, "இன்னும் கெடுங்க, இன்னும்" என்று உசுப்பிக்கொண்டிருந்தார். அதன்பின் தினமும் தெரெரே அந்த மேஜையில்தான். நாங்கள் எங்களுக்கு வேறு குவளை வைத்துக்கொண்டோம்.

மழைக்காலம் முடிந்ததும் புரோகிராமை நிறுவ இருவரும் சாக்கோவுக்குப் போனார்கள். சுனில்தா அதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. சுகாதார நிலைய வாசலில் புழுதியோடு தாய்மார்கள் வரிசை. செல்சா ஒரு குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டு, "இதைப் பிடிச்சுக்கோ, ஊசி போடணும்" என்றாளாம். ஊசி ஏறியதும் அது வீறிட்டு அழுதது. கூடவே, அதுவரை பிள்ளைகளைத் திரையில் பெயராக மட்டுமே பார்த்திருந்த சுனில்தாவும் அழுதாள். அர்சேனியோ சட்டைப்பையில் கைக்குட்டை தேடி, கிடைக்காமல், தன் தொப்பியை நீட்டினார். அதிலேயே அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.