நான் தேர்ந்தெடுத்த படகு

செல்வி, மணி, நீங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அப்பா செய்த தப்பைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். கோடை லீவில் உங்களைப் பழவேற்காடு ஏரியில் படகில் சுற்றிக் காட்ட அழைத்துப் போனேன். கரையில் முதலில் பார்த்த வயதான படகுக்காரர், "காத்து மாறிக்கினு இருக்குது நைனா. கொயந்தைங்கள இட்டுக்கினு இப்போ போவாத" என்றார்.

"சோம்பேறி! காத்து மேல பழி போடுறான்" என்று எல்லார் காதிலும் விழும்படி கத்திவிட்டு, பளபளவென்று பெயிண்ட் அடித்த இன்னொரு படகில் உங்களை ஏற்றினேன்.

நடு ஏரியில் காற்று சுழற்றி அடித்தது. படகுக்குள் முழங்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது. அப்போது அந்தப் பெரியவர் தன் படகை எங்கள் பக்கம் கொண்டுவந்து கை நீட்டினார். மணியை வாங்கிக்கொண்டார். செல்வியின் கையை மட்டும் என்னால் விட முடியவில்லை. இரண்டு படகுக்கும் நடுவே தண்ணீர் வாய் திறந்து திறந்து மூடியது.

"வுடு நைனா, நான் புடிச்சிக்கினேன். சோம்பேறி கைதான், ஆனா நழுவாது."

விட்டேன்.

எல்லாரும் கரை சேர்ந்தோம். நன்றிகூடச் சொல்லாமல் உங்களை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, டூட்டி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். அன்று நான் கத்தியதைக் கேட்டவர்கள் கரையில் இருந்தார்கள். அவர்கள் காதிலும் விழும்படி, உரக்க, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.