மெடிக்கல் அண்ணாச்சியின் மந்திரப் புத்தகம்

கல்லிடைக்குறிச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கும் குமரகுருபரன் கறாரான ஆள். டாக்டர் சீட்டு இல்லாமல் வந்தால் சொந்த மச்சினனுக்கும் தூக்க மாத்திரை கிடையாது. அறுபது வயது வரை அவர் ஊன்றிப் படித்ததெல்லாம் மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி மட்டும்தான் என்று மனைவி ஞானம்பாள் சொல்வாள். அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

அப்பேர்ப்பட்டவரை ஒரு பொடியன் கவிழ்த்துவிட்டான். நெல்லைப் புத்தகக் கண்காட்சியில் பேத்திக்கென்று ஒரு குண்டு நாவல் வாங்கினார். பெங்களூரில் வளரும் பேத்திக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்துக் கூட்ட வராது என்பது கொடுத்த பிறகுதான் தெரிந்தது. வாங்கியதை வீணாக்குவானேன் என்று கடைக்குக் கொண்டுவந்து புரட்டினார். பிறகு கீழே வைக்க முடியவில்லை.

மலை உச்சியில் ஒரு மந்திரப் பள்ளிக்கூடம். அங்கே சேரும் பையனுக்கு எல்லாம் வரும், மந்திரத்தின் கடைசிச் சொல் மட்டும் வராது. பல்லியை மயிலாக்கச் சொன்னால் தோகையெல்லாம் வந்துவிடும், மூஞ்சி மட்டும் பல்லியாகவே நிற்கும். விடுதிச் சாம்பாருக்கு உப்பை வரவழைக்கப் போய் மழையை வரவழைத்துவிடுவான். குமரகுருபரன் கல்லாவில் உட்கார்ந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். காய்ச்சல் மாத்திரைக்கு வந்தவர்கள் அந்தப் பக்கம் முடியும் வரை நிற்க வேண்டியதுதான். விடுதிக் காப்பாளர் பையனை வெயிலில் முட்டி போட வைத்த அன்று, ஆளில்லாத கடையில், "இவன்லாம் ஒரு வாத்தியாரா?" என்று வாய்விட்டுத் திட்டினார். வீட்டில் சாப்பிடும்போதும் அவன் பேச்சுதான். "பெத்த மகளுக்குக்கூட நீங்க இம்புட்டுக் கவலப்படல" என்றாள் ஞானம்பாள்.

புத்தகத்துக்குக் கறுப்பு அட்டை. புகைக்கு நடுவே கையில் கோலுடன் ஒரு பையன், மேலே கொட்டை எழுத்தில் 'மந்திரம்' என்ற சொல். நம் பக்கத்தில் மந்திரம் என்றால் பிள்ளைகள் சமாச்சாரமா என்ன? செய்வினை, தாயத்து, மை என்றுதான் புத்தி போகும். மெடிக்கல் அண்ணாச்சி மந்திரம் படிக்கிறார் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது அவருக்கு மட்டும் தெரியாது.

ஒரு மத்தியானம் அன்னத்தாய் வந்தாள். அப்பளக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். கல்லூரியில் படிக்கும் அவள் மகள் இசக்கிப்ரியாவுக்கு வலிப்பு நோய். மாதம் தவறாமல் மாத்திரை வாங்குகிறவளைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை.

"பிள்ளைக்கு மாத்திர வாங்கலையா?" என்றார்.

"நிப்பாட்டிட்டேன் அண்ணாச்சி. செய்வினையாம். தெக்க ஒருத்தரு பாத்துச் சொன்னாரு. மாத்திரைய விட்டாத்தான் அவரு கட்டுத தாயத்து பிடிக்குமாம். நாளைக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போவணும். அதுக்கு முன்ன உங்கள ஒரு வார்த்த கேட்டுருவோம்னு வந்தேன். நீங்களும் மந்திரம் படிக்கியளாமே."

குமரகுருபரனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. மாத்திரையை நிறுத்தியது உறைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிப்பாட்டுன பெறவு வலிப்பு வந்துச்சா?"

"வந்துச்சு. ஆத்துப் படித்துறையில விழுந்துட்டா. பக்கத்துல ஆளு இருந்ததால பொழச்சா."

"இது நரம்பு சம்பந்தப்பட்டதும்மா, செய்வினைலாம் இல்ல" என்று ஆரம்பித்தார். இதையே டாக்டர் சொல்லிக் கேட்டுச் சலித்தவள் அவள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். இது வெறும் கதைப் புத்தகம் என்று சொன்னால் காலையில் மகளோடு தெற்கே பஸ் ஏறிவிடுவாள்.

"நில்லும்மா. இது மந்திரப் புத்தகம்தான்" என்றார் குமரகுருபரன். ஒரு வகையில் அது உண்மையும்கூட. "ஆனா இது மாத்திரையோட சேந்தாத்தான் பலிக்கும். நாளைக்கு டாக்டர்ட்ட காட்டிப் புதுச் சீட்டு வாங்கிட்டு வா. ஒரு வேள மாத்திர விட்டாலும் மந்திரம் போச்சு."

அன்னத்தாய் யோசித்தாள். "அப்ப புத்தகத்தத் தாங்க. பிள்ள தலமாட்டுல வைக்கேன்."

அவருக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் வெள்ளம் ஏறுகிறது. பூட்டிய கதவின் முன்னால் பையன் நிற்கிறான். அந்தக் கடைசிச் சொல் வந்தால்தான் அத்தனை பேரும் பிழைப்பார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

மறுநாள் அன்னத்தாய் சீட்டோடு வந்து மாத்திரை வாங்கிப் போனாள். இன்னொரு பிரதி வாங்கிப் படித்திருக்கலாம். அவருக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷம் மருந்து விற்றுவிட்டு மந்திரவாதி வேஷம் போட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. "நல்லதுக்குத்தான சொன்னிய" என்றாள் ஞானம்பாள். "அந்தத் தெக்கத்தியானும் அப்படித்தான சொல்லிருப்பான்" என்றார்.

ஆடி கழிந்த பிறகு மாத்திரைக்கு இசக்கிப்ரியாவே வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"மாமா, அது கதைப் புத்தகம்லா" என்றாள்.

அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அம்மாட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. சொன்னா மறுபடி அங்க போயி நிப்பா. வலிப்பு இப்ப வரல மாமா." சற்று நிறுத்தினாள். "நீங்க அதப் படிச்சிட்டு ஒரே சிரிப்பாமே. எனக்குச் சிரிப்பு வரல. வலிப்பு வந்து முழிக்கும்போது எனக்கும் அப்படித்தான். எல்லாம் தெரியும், சொல்லு மட்டும் வராது. ஒரு தடவ அம்மா பேரே வரல. அந்தப் பையனப் படிக்கையில, ஏட்டி, உன்னைய மாதிரியே ஒருத்தன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

குமரகுருபரனுக்குத் தான் சிரித்த இடங்களெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடைசியில அவனுக்கு அந்தச் சொல்லு வந்துச்சாம்மா?"

"வரல மாமா. கூட நின்ன பிள்ளைங்க எல்லாம் சேந்து சொல்லிக் குடுத்துட்டாங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாத்திரை எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டாம் பாகம் இருக்காம்லா" என்றாள் அவள். "நான் படிச்சு முடிச்சதும் மந்திரம் தீந்துபோச்சேன்னு அம்மா கெடந்து தவிக்கா."

"வாங்கிருவோம்" என்றார் குமரகுருபரன். "இந்தத் தடவ நான் முழுசாப் படிச்சிட்டுத்தான் தருவேன்."