சித்தப்பா மாடியின் நிழல்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. மார்கழி பிறந்த அன்று, கொப்பரை உலர்த்தும் எங்கள் களத்தில் பாதிக்கு மேல் நிழல் கிடந்தது.

களத்துக்குத் தெற்கே சித்தப்பாவின் வீடு. வைகாசியில் அவர் மாடிச் சுவர் எழுப்பியபோதே அப்பா தடுத்தார். வெயில் குறைந்தால் கொப்பரையில் பூஞ்சை பிடிக்கும், வியாபாரி தொடமாட்டார், எங்கள் பிழைப்பே அந்தக் களம்தான். சித்தப்பா அப்பாவை உச்சிவேளையில் களத்துக்கு அழைத்துவந்து நிறுத்தினார்.

“பாருங்கண்ணே, நெழலு எம்பக்கந்தான விழுது?”

உண்மைதான். நிழல் தெற்கே, அவர் முற்றத்தில்தான் விழுந்தது. சுவரின் உயரத்தைப் பேசி முடித்து அப்பா சம்மதித்தார்.

இப்போது அப்பாவுக்கு ஒரே சந்தேகம்: தம்பி பிறகு சுவரை உயர்த்திவிட்டாரோ? டேப்போடு மாடியேறினார்; மறுமுனையை நான் பிடித்தேன்.

“ஏண்ணே, தம்பி வீட்ட அளக்க சர்வேயரு கணக்கா வந்துட்டீக?”

பேசிய உயரத்துக்கு மேல் ஒரு விரற்கடைகூட இல்லை. அப்பா கூசிப்போனார். சித்தப்பா சிரித்தார்.

“பங்குனி வந்தா நெழலு தன்னால வெலகிரும்ணே. சித்திரையில இன்னொரு மாடி எடுக்கப்போறேன். அப்பவும் நீங்களே வந்து பாருங்க.”

அப்பா தலையசைத்தார். எனக்குத்தான் அந்தப் பேச்சு உறுத்தியது.

பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. வைகாசியில் நாம் இருக்கும் பக்கம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும். உச்சிச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். மார்கழியில் நம் பக்கம் விலகிச் சாய்வதால் சூரியன் தெற்கே தாழும். நிழல் வடக்கே, எங்கள் களத்துக்குள் நீளும். எங்கள் ஊர்ப் பள்ளத்தாக்குக்கு மார்கழிப் பனியைக் கொண்டுவரும் அதே சாய்வு. ஆக, சுவர்மீது குற்றமில்லை. ஆனால் நிழல் விலகும் மாதம் தெரிந்தவருக்கு அது வரும் மாதம் தெரியாதா? வைகாசியையும் உச்சிவேளையையும் தேர்ந்தெடுத்தவர் அவர்தானே?

அப்பாவிடம் சொன்னேன்.

“அவன் அம்புட்டு தூரம் யோசிக்க மாட்டான்த்தா” என்றார். குரலில் உறுதி இல்லை.

மறுநாள் காலை, அதே பத்தரை மணிக்கு, நிழலின் விளிம்பு நெடுகக் களத்தில் வெள்ளைப் பெயிண்டால் கோடிழுத்தேன். சித்திரையில் களமெங்கும் வெயில் நிறைந்திருக்கும்போது, அடுத்த மாடிக்கு அப்பா சம்மதம் சொல்லும் முன் இந்தக் கோடு அவர் கண்ணில் பட வேண்டும்.

சித்தப்பா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னாத்தா, மார்கழிக் கோலமா?”

“ஆமா சித்தப்பா.”

வெறும் ஒற்றைக் கோடாக இருக்கிறதே என்று அவர் கேட்கவில்லை. நான் அதன்மேல் இன்னொரு பூச்சு பூசினேன்.