பெயருக்குப் பதிலாக எண்

பத்திரிகை ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆளுக்கு இடி என்று பட்டப்பெயர். வாய் திறக்குமுன் கை பேசிவிடும். போன வேலையில் மேனேஜரின் பல் ஒன்று மேசைமேல் உருண்டது. இந்த வேலையில் இரண்டு கீபோர்டும் ஒரு கதவும் போயின. சொந்த மச்சினனையே, மனைவியின் தம்பியை, சாப்பாட்டுத் தட்டு பறக்க அறைந்தவர். அன்றோடு பேச்சுவார்த்தை கிடையாது. அந்த மச்சினன் இதே பத்திரிகைக்கு வெளியிலிருந்து படம் எடுத்து அனுப்புகிறவன்.

வெளியாட்கள் படமும் விளம்பரமும் அனுப்புவதற்காக ஆபீஸின் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் எஃப்.டி.பி. என்கிற கோப்பு அனுப்பும் கணக்கு கொடுத்திருந்தார்கள். கண்ட இடத்தில் மேயக்கூடாதென்று இடி அவர்களை ஒரே கோப்புறைக்குள் போட்டுப் பூட்டினார். பிடித்தது சனி. உள்ளே வந்தவர்களுக்கு ஒரு கோப்பும் தெரியவில்லை. பட்டியல் காட்டுகிற ‘எல்.எஸ்.’ நிரல் பூட்டுக்கு வெளியே அல்லவா கிடக்கிறது! “அனுப்பின விளம்பரம் எங்கய்யா போச்சு?” என்று போன்மேல் போன். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நிரலையும் அதற்கு வேண்டிய துணைக்கோப்புகளையும் உள்ளே நகலெடுத்தார். பட்டியல் வந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் எண்.

“நம்பரை வச்சுக்கிட்டு நான் ஜோசியமா பாக்குறது? பேர் வரணும்” என்றார் விளம்பர மேனேஜர்.

“பேர்தானே? இந்தாங்க, மொத்தத்தையும் வச்சுக்குங்க!”

எந்த எண் யாருடையது என்று பயனர் பெயர்கள் இருந்த கோப்பை அப்படியே தூக்கி உள்ளே போட்டார். யார் பெயர் யார் கண்ணில் படும் என்று யோசித்தாரா, பாவி மனுஷன்? இல்லை.

கல்குவாரி முதலாளியின் ஆபீஸுக்கும் அங்கே ஒரு விளம்பரக் கணக்கு இருந்தது. அந்தக் குவாரியைப் பற்றி முன்பு எழுதிய நிருபரின் இரண்டு முழங்காலிலும் கடப்பாரை இறங்கியது. இப்போது வீட்டுக்குள் தவழ்கிறார். இந்த முறை கூலி கேட்டு வழிமறித்தவர்கள்மேல் குவாரி லாரி வேண்டுமென்றே ஏறியது. இரண்டு பேர் அங்கேயே கூழானார்கள். ஒளிந்திருந்து எடுத்த படங்கள் காலையில் வந்து விழுந்தன. பக்கத்தில் அனுப்பியவர் பெயர். மச்சினன்!

அதே நேரம் குவாரி குமாஸ்தா தங்கள் கணக்கு வழியாக உள்ளே நுழைவது திரையில் தெரிந்தது. இடி கீபோர்டுமேல் பாய்ந்தார். அவன் பட்டியல் கேட்பதற்குள் பெயர்க் கோப்பை அழித்தார். படங்களை நகர்த்தத்தான் நேரமில்லை. குமாஸ்தாவுக்குப் படங்கள் கிடைத்தன, பெயர் கிடைக்கவில்லை.

மத்தியானமே குவாரி ஆட்கள் நான்கு பேர் வந்து அறைக்கதவைச் சாத்தினார்கள். ஒருவன் இடியின் முகத்தை மேசையில் மோதினான். மூக்கு நொறுங்கியது.

“போட்டோ அனுப்பின இந்த நம்பர் யாருடா?”

“தெரியாது.”

சுண்டுவிரலைப் பின்னுக்கு மடக்கினான். மளுக்கென்றது. அடுத்த விரல். அதுவும் போயிற்று.

இடிக்குத் திருப்பி அடிக்கத் தெரியாதா என்ன! ஒருவனையாவது சாய்த்திருப்பார். ஆனால் இவரிடம் வேலைக்காகாது என்று பட்டால் நேரே விளம்பர மேனேஜரிடம் போவார்கள். பெயர்களை எல்லாம் பார்த்து வைத்திருக்கிற ஆள், ஒரே அறையில் கக்கிவிடுவார். அப்புறம் மச்சினனுக்கு முழங்கால் ஏது? உயிர்தான் ஏது?

“நான்தான்டா! அது என் நம்பர். நான்தான் எடுத்தேன்!”

அப்புறம் இரும்புக்கம்பி பேசியது. இரண்டு கையும் போயின, விலா எலும்பு போயிற்று, ஒரு கண்ணும் போயிற்று.

மறுநாள் படங்கள் பெயரில்லாமல் அச்சாயின. குவாரி ஆட்கள் தலைமறைவானார்கள். ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு மச்சினன் வந்தான், வேண்டா வெறுப்பாக.

“யார் மாமா அடிச்சது?”

சொன்னால் இந்தப் பயலும் கத்தியைத் தூக்கிக்கொண்டு குவாரிக்கு ஓடுவான். அக்காவின் கோபமும் தம்பியின் கோபமும் அவருக்குத் தெரியாததா?

“பழைய தகராறு” என்றார் இடி.

“நல்லா வேணும் உனக்கு! எத்தனை பேரை அடிச்சிருப்ப? என்னை அடிச்ச கைதானே அது? இப்ப தூக்கேன் பாப்போம்!”

“வாயை மூடுடா!” என்று அக்கா அதட்டினாள். அவன் கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டித் திட்டினான். இடிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.