தண்ணீருக்குள் நடந்த நாய்

எங்கள் நாய் டண்டினொங்கில் நடந்தான்; கிரான்பர்னில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் விழுந்தான். எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

முதுகில் ஒப்பரேஷன் செய்த பிறகு அவனுடைய பின்னங்கால்களில் பலமே இல்லை. டண்டினொங்கில், மிருகங்களுக்குப் பிசியோ செய்கிற ஒரு பெண்ணிடம் கொண்டுபோனோம். கண்ணாடித் தொட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீர், அடியில் ஓடுகிற ரப்பர் பட்டி. அவள் முதலில் அவனை ஷாம்பு போட்டுக் கழுவி, பிறகுதான் உள்ளே இறக்குவாள். அவனும் ராசா மாதிரி நடப்பான். வீட்டுக்கு வந்து டைல்ஸில் நிறுத்தினால் கால்கள் ஆளுக்கொரு பக்கம் போகும்.

"தண்ணிக்குள்ள ஆரும் நடப்பினம். உது கண்கட்டு வித்தை" என்று கணவரிடம் சொன்னேன். அவர் எதையும் நம்புகிற மனிதர்.

இந்த மாதக் கடைசிக்குள் வீட்டில் எழும்பி நிற்காவிட்டால், ஊசி போட்டு ஒரேயடியாக அனுப்பிவிடுவதைப் பற்றி யோசிக்கச் சொன்னார் மிருக வைத்தியர். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை அந்தப் பெண், "வீட்டில் பயிற்சி ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டாள். கேள்வி இருவருக்கும், பார்வை இவருக்கு. வேலையால் வந்து பயிற்சி கொடுப்பவர் இவர்தான். களைத்து வருகிற மனிதர், சாட்டுக்குச் செய்கிறாரோ? எனக்கு இப்போது இவர்மேலும் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

அன்று பின்னேரம் குசினிக்குள் நின்று ஒளித்துப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. காலை மெல்ல மடக்கினார், நீட்டினார். பிறகு உள்ளங்கையில் நல்லெண்ணெய் ஊற்றிச் சூடுபறக்க உரசி, கைக்குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி இடுப்பிலிருந்து பாதம்வரை தேய்த்தார். விரலிடுக்கைக்கூட விடவில்லை. "எழும்படா அப்பன்" என்று டைல்ஸில் நிறுத்தினார். சர்ரென்று வழுக்கி விழுந்தான். இவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவன் வழுக்கின இடத்தில் டைல்ஸ் எண்ணெயில் மினுங்கியது. சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"என்னத்துக்குக் கழுவுறீர்? எண்ணெய் ஊறவேணும்."

"ஊறினது காணும். உந்த எண்ணெயாலதானப்பா வழுக்குறான்."

பாதங்களைக் கழுவி, டைல்ஸையும் துடைத்து அவனை நிறுத்தினேன். பின்னங்கால்கள் நடுங்கின. ஆனால் நின்றான். ஒரு அடி வைத்தான், இன்னொன்று வைத்தான். நேரே இவரிடம் போய் முழங்காலில் தலையை முட்டினான்.

இவர் அவனைத் தொடவில்லை. எண்ணெய்க் கைகள் இரண்டையும் மேலே தூக்கிப் பிடித்தபடி, "நானெல்லோ இவ்வளவு நாளும் இவனை விழுத்தினனான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.