இருபது சொட்டில் நின்ற புளிப்பு

ஜாடியில் தண்ணீர் ஊற்றிய அன்று கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: அத்தான், அக்காள், நான். இருந்திருக்கவேண்டியவர் ஒருவர் இல்லை. ஜொகூர் பாருவில் எனக்கு ரசாயனம் நடத்திய வாத்தியார் விடுமுறைக்குக் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அதனால் அன்றைக்கு அவருடைய வேலையும் என் தலையில் விழுந்தது.

அத்தானுக்குக் குளுவாங் ஸ்டேஷனுக்குப் பின்னால் சோடாக் கடை. கையால் சுற்றும் மெஷின் ஒன்று, கோலி பாட்டில்கள், கூலிக்கு ஆள் கிடையாது. பக்கத்து எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்கு முப்பது டஜன் கலர் சோடா தருவதாகக் கங்காணியிடம் ஒப்புக்கொண்டிருந்தார். ரப்பர் விலை விழுந்து, சோடா குடிக்கிறவர்கள் பச்சைத் தண்ணீருக்கு மாறிவிட்ட வருஷம் அது. இந்த ஆர்டர் போனால் கடையும் போகும். அது எங்கள் மூவருக்குமே தெரியும்.

கலருக்கு வாசனை வேண்டும். சிங்கப்பூர் எசன்ஸ் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"அத்தான், ரப்பர் பால் உறையறதுக்கு ஊத்துறாங்களே ஆசிட், அதையும் ஸ்பிரிட்டையும் சரிக்குச் சரி கலந்தா பழ வாசனை வரும். புஸ்தகத்துல இருக்கு. சோடாவுக்குக் காஸ் எடுக்க நீங்க வச்சிருக்கிற கந்தக ஆசிட்டு கொஞ்சம் விட்டா சீக்கிரம் ஆகும்."

"புஸ்தகத்துலயே இருக்கா! அப்புறம் என்ன மச்சான், கலந்துடு."

கலந்தேன். இரண்டு நாளில் ஜாடி மூடியைத் திறந்தால் கடை முழுக்கப் பழ வாசனை. அத்தான் வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். ஆனால் நாக்கில் வைத்தால் புளிப்பு. ஆசிட் இன்னும் தீரவில்லை என்று புரிந்தது. எவ்வளவு மிச்சம் என்று பார்க்கக் கலந்த அன்றே ஒரு வழி செய்திருந்தேன். ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, அதில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். நடுநடுவே மஞ்சள் தடவிய காகிதத்தில் தொட்டுப் பார்ப்பேன். ஆசிட் தீர்ந்ததும், ஆரத்தித் தண்ணீர் மாதிரி காகிதம் சிவக்கும். கலந்த அன்று நாற்பத்தெட்டுச் சொட்டு ஆகியிருந்தது. பிறகு முப்பத்தொன்பது, முப்பத்தொன்று, இருபத்தைந்து, இருபத்திரண்டு, இருபது.

அதன் பிறகும் இருபது. மறுநாள் இருபது. அடுத்த நாளும் இருபது.

"இன்னும் ஊறணும்போல," என்றார் அத்தான். ஊறுகாய்க்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். வேலை முடிந்துவிட்டது என்றால் ஆசிட் தீர்ந்திருக்கவேண்டும். பாதியில் நின்றது என்றால் ஏன் நின்றது? ஒருவேளை ஆசிட்டும் எசன்ஸும் சமமாக வந்ததும் நின்றுவிடுமோ என்று கணக்குப் போட்டேன். அதுவும் இல்லை. நாற்பத்தெட்டில் இருபத்தெட்டுப் பங்கு எசன்ஸாக மாறியிருந்தது, மிச்சம் இருபது. எந்தப் பக்கமும் சேராத கணக்கு.

அக்காள்தான் வழி சொன்னாள். "குழம்பு புளிச்சா என்னடா பண்ணுவோம்? தண்ணி ஊத்துவோம். இதுக்குப் போயி ரெண்டு ஆம்பிளைங்க ஜாடியையே முறைச்சிக்கிட்டு நிக்கிறீங்க!"

"படிச்சவன் என்ன சொல்றே?" என்று அத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"ஊத்தலாம் அக்கா," என்றேன். ஜாடியில் இருந்த அளவுக்கே தண்ணீர் ஊற்றினோம். புளிப்பு சட்டென்று பாதியானது. அத்தான் அக்காளைப் பார்த்து, "உன்னையில்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கணும்," என்றார். அன்று மூவரும் சிரித்தோம்.

நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. சரக்குப் பாதியாக நீர்த்துவிட்டதால் இரண்டு கரண்டி எடுத்து எண்ணினேன். முதல் நாள் அதே இருபது. பிறகு இருபத்திரண்டு. இருபத்தைந்து. சலவைச் சோடாத் தண்ணீர்தான் பழசாகி வலுவிழந்துவிட்டதோ என்று புதிதாகக் கரைத்து எண்ணினேன், இருபத்தொன்பது. ஊற்றியது கிணற்றுத் தண்ணீர், அதில் ஆசிட் ஏது? வாசனையும் நாளுக்கு நாள் மெலிந்தது. முப்பத்துநாலுக்கு வந்து அங்கே நின்றுகொண்டது.

அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் எசன்ஸைப் பிரித்து மறுபடியும் ஆசிட்டும் ஸ்பிரிட்டுமாக ஆக்கிக்கொண்டிருந்தது. இது புதிதாக ஆரம்பித்த காரியமும் இல்லை. ஆசிட்டும் ஸ்பிரிட்டும் சேரும்போதே எசன்ஸோடு தண்ணீரும் பிறக்கிறது. அந்தத் தண்ணீர் முதல் நாளிலிருந்தே எசன்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எஸ்டேட்டிலிருந்து மாதம் பத்துப் பேர் டவுனுக்குப் போக, டவுனிலிருந்து பத்துப் பேர் எஸ்டேட்டுக்கு வந்தால், எஸ்டேட்டில் நூறு பேர் நூறாகவே இருப்பார்கள், டவுனில் ஆயிரம் பேர் ஆயிரமாகவே இருப்பார்கள். நூறும் ஆயிரமும் சமமில்லை. போகிறதும் வருகிறதும்தான் சமம். இருபது சொட்டில் நின்றதாக நான் நினைத்த ஜாடிக்குள் ஒன்றும் நிற்கவில்லை. பத்து வருஷம் காத்திருந்தாலும் அது இருபதுதான். நாங்கள் தண்ணீரை ஊற்றி, திரும்பி வருகிற கூட்டத்தை அதிகமாக்கிவிட்டோம்.

அத்தானிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, இப்போ என்ன பண்ணலாம்?"

"எசன்ஸைக் காய்ச்சி ஆவியாப் பிரிச்சு எடுத்துக்கிட்டே இருந்தா, மிச்சமும் மாறிக்கிட்டே வரும் அத்தான். கண்ணாடிக் குழாய் வேணும். அடுப்புல வச்சா பத்திக்கும்."

"பத்திக்காட்டாலும் மாத்தா-மாத்தா போலீஸ்காரன் வருவான். கள்ளச் சாராயம் காய்ச்சுறான்னு போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வச்சிடுவான்."

"ஆப்பத்துக்குப் போடுற சோடா மாவைப் போட்டுப் புளிப்பைக் கொல்லேன்," என்றாள் அக்காள். ஒரு கிண்ணத்தில் போட்டுப் பார்த்தோம். புளிப்பு போனது, உப்புக் கரித்தது. அத்தான் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். காரணம் எனக்கு இப்போது முழுக்கத் தெரியும். தெரிந்து என்ன? தெரியாதபோது நம்பிக்கையாவது இருந்தது.

வேறு வழியில்லாமல் அந்தச் சரக்கையே கலந்து பாட்டில்களில் அடைத்தோம். திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது கங்காணி வந்தார். ஒரு பாட்டிலை உடைத்துக் குடித்தார். முகம் கோணியது.

"என்னங்க இது, ஊசிப்போன பழைய சோத்துத் தண்ணியில சாயம் போட்ட மாதிரி இருக்கு?"

"அடுத்த தடவை சரியா வந்துடும் அண்ணே," என்றார் அத்தான்.

"அம்மனுக்கு அடுத்த தடவை அடுத்த வருஷம்தாங்க." மிச்சத்தைக் கடைவாசலில் கொட்டிவிட்டு, யோங் பெங்கில் இருக்கிற சீனன் சோடாக் கம்பெனியில் சொல்லிவைப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். அத்தான் அவர் பின்னால் ரயில் கேட் வரைக்கும் பேசிக்கொண்டே போனார். நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மாதத்தில் கடை மூடியது. அத்தான் எஸ்டேட்டுக்கு ரப்பர் பால் வெட்டப் போனார். நூற்று நாற்பது வெள்ளிக்கு வாங்கிய மெஷினும் பாட்டில்களும் அறுபத்தைந்துக்குப் போயின. அதில் நஷ்டம் எழுபத்தைந்து. ஆசிட்டுக்கும் ஸ்பிரிட்டுக்கும் பதின்மூன்று. ஆக மொத்தம் எண்பத்தெட்டு வெள்ளி.