சுண்டுவிரலில் ஒரு பைப்புத் துண்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்த சாராளுக்கு ஒரு விபத்தில் இடது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கணவன் ராபினிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஞாயித்துக்கெழம பாட்டுக்கு யாரு வாசிக்கிறது?" ராபின் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தான்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர்கள் சபையில் கிட்டார் அவள்தான். இப்போது கம்பிகளை அழுத்திக் கார்டு பிடிக்க விரல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றிவிட்டாள். கம்பெனியில் அவளை சரக்கு சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆறேழு மாதம் பாட்டுப் பேச்சே கிடையாது.

ஒருநாள் போனில் எதையோ தள்ளிக்கொண்டு வந்தபோது ஒரு வீடியோ நின்றது. அமெரிக்கக் கறுப்பர் ஒருவர், வயதானவர், வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து வாசித்தார். ப்ளூஸ் என்று போட்டிருந்தது. அவர் கம்பியை விரலால் அழுத்தவே இல்லை. சுண்டுவிரலில் உடைந்த பாட்டிலின் கழுத்தை மாட்டிக்கொண்டு கம்பி மேல் வழுக்கிக்கொண்டே போனார். சுரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல், அழுகிற குரல் மாதிரி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

"இன்னாங்க, இங்க வாங்க," என்று ராபினைக் கூப்பிட்டாள். "இவர பாருங்க, ஒத்த வெரல்ல வாசிச்சுக்கினு கீறாரு."

ராபின் லேத் பட்டறைக்காரன். மறுநாளே ஸ்டீல் பைப்பில் ஒரு துண்டைக் கடைந்து கொண்டுவந்தான். அது தளர்வாக இருந்து கழன்று விழுந்தது. அடுத்தது இறுகிக்கொண்டு வரவில்லை. சோப்பு போட்டுக் கழற்ற வேண்டியதாயிற்று. கடைசியாக ஒன்று அவள் சுண்டுவிரலில் மோதிரம் மாதிரி உட்கார்ந்தது. பைப்பு கட்டையில் இடிக்காதபடி கம்பிகள் உயர்ந்து நிற்க, கிட்டாரின் தலைப்பக்கம் ஒரு தகட்டையும் செருகிக் கொடுத்தான். அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி அவள் ஆறு கம்பிகளுக்கும் சுருதி மாற்றினாள். மிஞ்சியிருந்த மோதிர விரல் பைப்புக்குப் பின்னாலேயே கம்பிகளைத் தொட்டு இரைச்சலை அடக்கப் பழகிக்கொண்டது.

சபையில் முதல்முறை வாசித்து முடித்ததும் பாஸ்டர், "சாராள், துக்க ஊடு மாதிரி ஆயிடுச்சேம்மா," என்றார்.

"முடிக்கும்போது சந்தோஷமாத்தான முடிச்சேன் பாஸ்டர்?"

அவர் கொஞ்சம் யோசித்து, "அதுவும் சரிதான்," என்றார்.

பக்கத்து வீட்டு ஏஞ்சல் அதை வீடியோ எடுத்துப் போட்டாள். அது எப்படியோ சினிமாவுக்கு இசையமைக்கும் பரத்தின் கண்ணில் பட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதைக்கு அவர் இசை போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு இடத்துக்கு நீங்கதான் வாசிக்கணும்க்கா," என்று போன் செய்தார். சாராள் யாரோ விளையாடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள். மறுபடி பண்ணினார்.

புருஷனும் பெண்டாட்டியும் ரயிலேறி வடபழனி ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அங்கே உலோக உடம்போடு ஒரு கிட்டாரைக் கையில் கொடுத்தார்கள். ரெசனேட்டர் என்றார் பரத். சாராள் அதைத் தட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், குண்டான் மாதிரி கீது?"

"வாசிச்சுப் பாருங்கக்கா."

பைப்பை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். மூக்கால் பாடுகிற கிழவன் ஒருவன் உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல் அது பேசியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

ஆனால் பதிவு ஆரம்பித்ததும் ஹெட்போனில் தாளத்துக்காக ஓடிய டிக் டிக் சத்தம் அவளைக் குழப்பியது. திரும்பத் திரும்ப நின்றாள். "என்னால ஆவாது சார். வேற யாரையாவது வெச்சுக்கோங்க."

பரத் கதவைத் திறந்து உள்ளே வந்தார். "சர்ச்சுல யாரைப் பாத்து வாசிப்பீங்க?"

சாராள் கண்ணாடிக்கு வெளியே நின்ற ராபினைக் காட்டினாள்.

அவனை உள்ளே கூப்பிட்டு அவளுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். சத்தம் வரக்கூடாதென்று செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். டிக் டிக்கை நிறுத்தினார்கள். ராபின் தலையை மட்டும் மெல்ல ஆட்டினான். அவள் அவன் தலையைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். முடிந்தபோது ராபின் மூச்சை அடக்கியே உட்கார்ந்திருந்தான். "போதும், மூச்சு விடுங்கண்ணே," என்று பரத்தான் சொன்னார்.

படம் கும்மிடிப்பூண்டிக்கு வந்த அன்று போனார்கள். அந்தப் பெண் வேலை முடிந்து உப்பளத்து ஓரமாக நடந்துபோகும் காட்சியில் கிட்டார் எழுந்தது. அதே நேரம் முன் வரிசையில் ஒருவர் போனில் கத்தத் தொடங்கினார். ராபின் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டான்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. என் சம்சாரம் வாசிக்குது."

"யாரு, அந்தப் பொண்ணா?"

"அதுல்ல. பின்னாடி சீட்டுல கீது பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். போனை அணைத்தார். அதற்குள் வாசிப்பு முடிந்து வசனம் வந்துவிட்டது. "மறுபடி எப்ப வரும்?" என்றார்.

"அவ்ளோதான்ணே."

அவருக்கு அது தாங்கவில்லை. இடைவேளையில் பப்ஸ் வாங்கிவந்து நீட்டி, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். சாராளுக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

அடுத்த வாரம் காலைக் காட்சிக்கு இருவரும் மறுபடி போனார்கள். கூட்டமில்லை. ஸ்பீக்கர் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை முழுதாகக் கேட்டது.

வெளியே வரும்போது சாராள் சொன்னாள்: "ஒரு எடத்துல சுரத்த கொஞ்சம் தாண்டிப் போயிட்டேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா அதுதாங்க நல்லா கீது."